கரி அடுப்பில் இறால் பொரிக்கலாமா? எண்ணெயைக் காக்க வைக்காவிட்டால் தாராளமாக

கேட்டிருப்பது இதுதான்: ஞாயிற்றுக்கிழமை மொட்டை மாடியில் சொந்தக்காரர்கள் பன்னிரண்டு பேர் கூடுகிறார்கள், கைவசம் ஒரு கரி கிரில் இருக்கிறது. இறாலை அதில் சுடாமல், மேலே எண்ணெய்ச் சட்டி வைத்துப் பொரித்தெடுக்க முடியுமா? மொறுமொறுவென்று வருமா, ஆபத்து ஏதும் உண்டா?

முடியும், நன்றாகவே வரும். ஆபத்தும் உண்டு. இரண்டுக்கும் காரணம் ஒன்றே. கேஸ் அடுப்பில் திருகு இருக்கிறது, எண்ணெய் அதிகமாகக் காய்ந்தால் திருகிக் குறைக்கிறோம். கரிக்குத் திருகு கிடையாது. சட்டியில் இறால் இருந்தாலும் இல்லாவிட்டாலும் கங்கு தன் பாட்டுக்குச் சூட்டைக் கொடுத்துக்கொண்டே இருக்கும். அதனால் கரி அடுப்பில் பொரிக்கும்போது எண்ணெய் ஒரு நிமிடம்கூடச் சும்மா காத்திருக்கக் கூடாது. இறால், மாவு, கரண்டி, தட்டு, ஆள் எல்லாம் எண்ணெய்க்காகக் காத்திருக்க வேண்டும். கீழே சொல்லப்போகிற எல்லாமே இந்த ஒரு விஷயத்திலிருந்து வருவதுதான்.

அதற்கு முன் ஒன்று. கரியில் பொரிக்கிறோம், கரி மணம் ஏறும் என்று நினைத்துச் செய்யாதீர்கள். எண்ணெயில் மூழ்கிக் கிடக்கிற இறாலைப் புகை தொடாது. அந்த மணம் வேண்டுமென்றால் கால் கிலோ இறாலைத் தனியாக எடுத்து வையுங்கள், கடைசியில் சொல்கிறேன். இங்கே லாபம் வேறு. இறால் பொரித்த வாடை வீட்டுத் திரைச்சீலையில் நாள்கணக்கில் ஒட்டிக்கொண்டிருக்காது. சமைக்கிறவர் அடுப்படியில் தனியாக வேகாமல் எல்லோரோடும் இருப்பார். எண்ணெயிலிருந்து எடுத்த இறால் இரண்டு நிமிடத்துக்குள் வாய்க்குப் போய்விடும். பொரித்த இறால் முழு ருசியோடு இருப்பது அந்தக் கொஞ்ச நேரம்தான்.

இப்போது அடுப்பு. கடையில் விற்கிற மடக்கு கிரில்களின் கால்கள் மெல்லிய கம்பி. குச்சியில் கோத்த கோழியைத் தாங்க அது போதும். எண்ணெய் நிறைந்த இரும்புச் சட்டிக்குப் போதாது. யாராவது காலால் இடறினால் அவ்வளவுதான். கால்களை மடக்கிவிட்டு, சமமான செங்கல் வரிசைமேல் கிரில்லை நேரடியாக உட்கார வையுங்கள். செங்கல் இருந்தால் மாடித் தரையின் ஓடும் வெடிக்காமல் தப்பிக்கும். வைத்த பிறகு வெறும் சட்டியை மேலே வைத்து ஒரு தட்டுத் தட்டிப் பாருங்கள். ஆடினால் அந்த அமைப்பு வேண்டாம்.

என்னைக் கேட்டால், உள்ளே மண் பூசிய பழைய தகரக் கரி அடுப்புதான் இந்த வேலைக்குச் சிறந்தது. மேலே மூன்று குமிழ் இருக்கும், அடிப்பக்கம் உருண்டையான வாணலி அதில் அசையாமல் பொருந்தும். கீழே காற்று வாய் இருக்கும். அதை ஓட்டுத் துண்டால் பாதி மூடினால் அனல் தணியும். திருகு இல்லாத குறையை ஓரளவு தீர்ப்பது அந்த வாய்தான். கிரில்லின் கம்பித் தட்டில் உருண்டை வாணலி உருளும், அங்கே தட்டையான அடி உள்ள பாத்திரம்தான் வேண்டும்.

பாத்திரம் கனமான இரும்பாக, ஆழமாக இருக்கட்டும். கனமான இரும்பு சூட்டைப் பிடித்து வைத்திருக்கும், குளிர்ந்த இறால் விழுந்ததும் எண்ணெய் சட்டென்று ஆறிப்போகாது. நான்ஸ்டிக் வேண்டாம், காலிச் சட்டி கங்கின்மேல் கொஞ்ச நேரம் இருந்தாலே அந்தப் பூச்சு தாங்காத சூட்டுக்குப் போய்விடும். மண்சட்டியில் மீன் குழம்பு அமிர்தம், ஆனால் எண்ணெய் கொதிக்கும்போது அது விரிசல் விட்டால் அத்தனையும் நெருப்பில் கொட்டும். பிளாஸ்டிக் கைப்பிடி உள்ளதும் கூடாது.

நான்கு லிட்டர் கொள்ளும் சட்டிக்கு ஒரு லிட்டர் எண்ணெய், அதற்கு மேல் வேண்டாம். அறைச் சூட்டிலிருந்து 180 டிகிரி செல்சியஸ் போகும்போது எண்ணெயே சுமார் 10 சதவீதம் பெருகும். ஈரமான இறால் விழுந்ததும் நுரை பொங்கும். பக்கத்தில் கால் லிட்டர் எண்ணெயைத் தனியாக வைத்திருங்கள், அதற்கும் இடம் வேண்டும்.

ரீஃபைண்டு கடலை எண்ணெய் அல்லது சூரியகாந்தி எண்ணெய் எடுங்கள். இரண்டும் 220 டிகிரிக்கு மேல்தான் புகையத் தொடங்கும். செக்கு எண்ணெய் எனக்குப் பிடித்தது, ஆனால் இதற்கு அது சரிப்படாது. செக்குக் கடலை எண்ணெய் 160 டிகிரியை ஒட்டியே புகையும். நாம் பொரிக்க வேண்டியது 175 முதல் 185 டிகிரி வரை. கேஸ் அடுப்பில் பார்த்துப் பார்த்துச் சமாளிக்கலாம், கரியில் முடியாது.

கரியில் எது கிடைத்தாலும் சரி என்று இருக்காதீர்கள். ராமநாதபுரம், சிவகங்கை பக்கம் மூட்டம் போட்டு எடுக்கிற சீமைக்கருவேலங்கரி கெட்டியாக இருக்கும், நின்று எரியும். கொட்டாங்குச்சிக் கரி புகை குறைவு, சூடு அதிகம். இரண்டையும் கலந்து ஒன்றரை முதல் இரண்டு கிலோ போட்டால் ஒரு மணி நேரம் அனல் நிற்கும். மண்ணெண்ணெய், பெட்ரோல் பக்கமே போக வேண்டாம். தேங்காய் நாரும் இரண்டு காய்ந்த கொட்டாங்குச்சியும் அடியில் வைத்துப் பற்ற வைத்து, மேலே கரியைக் குவித்து, ஓலை விசிறியால் விசிறினால் போதும். விசிறுகிற வேலையைப் பெரிய பிள்ளைகளிடம் கொடுக்கலாம், எண்ணெய் அடுப்புக்கு வருவதற்கு முன் அவர்கள் ஆசைதீர வேலை செய்ய இது ஒன்றுதான் இருக்கிறது. அரை மணி நேரத்தில் கரி முழுக்கச் சாம்பல் பூத்துவிடும். கொழுந்து விட்டு எரியும்போது சட்டியை ஏற்றாதீர்கள்.

அடுத்ததுதான் முக்கியம். பூத்த கங்கை கிரில் முழுக்கப் பரப்பக் கூடாது. சட்டியின் அடியைவிடச் சிறிய வட்டமாக நடுவில் ஒதுக்குங்கள். சட்டியின் விளிம்புக்கு நேர் கீழே ஒரு துண்டு கங்குகூட இருக்க வேண்டாம். கரியில் பொரிக்கும்போது நெருப்பு பிடிப்பது பெரும்பாலும் எண்ணெய் கொதித்து வழிவதால் இல்லை. கரண்டியிலிருந்து சொட்டுகிற எண்ணெய் கங்கில் விழும், குப்பென்று சுடர் எழும், அது சட்டியின் பக்கவாட்டில் ஏறி விளிம்பைத் தொடும். கங்கு உள்ளடங்கி இருந்தால் சொட்டு விழுந்தாலும் சாம்பலில் விழும். கைப்பிடியும் தொடுகிற சூட்டில் இருக்கும்.

சரி, இறால். பன்னிரண்டு பேருக்கு, சோறு குழம்பு தனியாக இருக்கிறது என்றால், தலை ஓட்டோடு இரண்டரை கிலோ வாங்குங்கள். சுத்தம் செய்தால் கிட்டத்தட்ட பாதிதான் தேறும், ஆளுக்கு நூறு கிராம் வரும். கிலோவுக்கு 40 நிற்கிற அளவு, அதாவது வியாபாரிகள் 40 கவுண்ட் என்று சொல்வது, பொரிக்க ஏற்றது. அதைவிடச் சிறியது மாவுக்குள் தொலைந்துவிடும். பெரிய புலி இறாலைச் சுடுவதுதான் அதற்கு மரியாதை.

கிழக்குக் கடற்கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் விசைப்படகுகளுக்கு மீன்பிடித் தடை. அந்த நாட்களில் சென்னை காசிமேடு மீன்பிடித் துறைமுகத்திலும் கடல் இறால் வரத்து குறையும். அப்போது கடையில் இருப்பது பெரும்பாலும் பண்ணையில் வளர்ந்த வனாமி. மெக்சிகோ முதல் பெரு வரையிலான பசிபிக் கரையோரத்து இனம் அது, 2009இல் இந்தியாவில் வணிகமாக வளர்க்க அனுமதி வந்த பிறகு பரவியது. ருசியில் வெள்ளை இறாலுக்கு ஈடில்லை என்பது என் கருத்து. ஆனால் பொரிப்பதற்கு வனாமி குறை சொல்ல முடியாதது, ஒரே அளவில் கிடைப்பதால் ஒரு ஈடு முழுக்கச் சமமாக வேகும். எந்த இனமானாலும் தலை உடலோடு இறுக்கமாக ஒட்டியிருக்கிறதா என்று பாருங்கள். இறாலில் முதலில் கெடுவது தலைதான். தலை தொங்கினாலோ, மூக்கைக் குத்தும் நெடி வந்தாலோ, எவ்வளவு குறைத்துச் சொன்னாலும் வாங்க வேண்டாம்.

தலையையும் ஓட்டையும் நீக்கி, முதுகைக் கீறிக் கறுப்புக் குடலை எடுத்துவிடுங்கள். வாலை விட்டு வையுங்கள், கையில் பிடித்துச் சாப்பிட வசதி. வால் நுனியில் ஒரு நீர்ப்பை இருக்கும், அதைக் கத்தியால் சற்றே சாய்த்து வெட்டிப் பிழிந்துவிடுங்கள். எண்ணெயில் வெடித்துத் தெறிப்பது பெரும்பாலும் அந்தத் துளித் தண்ணீர்தான். கழுவிய பிறகு வடிதட்டில் கால் மணி நேரம் வைத்து, பருத்தித் துணியால் ஒற்றி எடுங்கள். தண்ணீர் ஆவியாகும்போது சுமார் 1700 மடங்கு பெருகும். வீட்டுக்குள் தெறித்தால் சுவரைத் துடைக்கலாம், இங்கே தெறித்தால் கீழே நெருப்பு இருக்கிறது. உறைந்த இறால் என்றால் முதல் நாள் இரவே ஃபிரிட்ஜின் கீழ்த்தட்டில் வைத்து உருக விடுங்கள், பாதி உறைந்த இறால் எண்ணெய்ப் பக்கமே வரக் கூடாது.

மசாலாவை இரண்டு கட்டமாகப் பிரிப்பதுதான் இதில் சூட்சுமம். சுத்தம் செய்த ஒரு கிலோ இறாலுக்கு மிளகாய்த்தூள் இரண்டு மேசைக்கரண்டி, மஞ்சள்தூள் அரைத் தேக்கரண்டி, இஞ்சி பூண்டு விழுது இரண்டு மேசைக்கரண்டி, சோம்புத்தூளும் மிளகுத்தூளும் ஒவ்வொரு தேக்கரண்டி, ஒரு எலுமிச்சையின் சாறு, உப்பு இரண்டு தேக்கரண்டி. இருபது நிமிடம் ஊறினால் போதும், ஐஸ் பெட்டியில் வைத்து ஊற விடுங்கள். காலையிலேயே பிசைந்து வைத்தால் ருசி கூடும் என்பது கோழிக்குச் சரி, இறாலுக்கு இல்லை. எலுமிச்சை சதையை வெந்ததுபோல் வெளுக்க வைக்கும், இஞ்சியில் புரதத்தைச் சிதைக்கிற நொதி இருக்கிறது. இரண்டும் சேர்ந்து மணிக்கணக்கில் வேலை செய்தால் இறால் கொழகொழவென்று ஆகிவிடும்.

மாவு கடைசியில். அரிசி மாவு மூன்று, சோள மாவு நான்கு, கடலை மாவு இரண்டு மேசைக்கரண்டி என்று உலர்வாகக் கலந்து தனியாக வையுங்கள். ஒவ்வொரு ஈடு போடுவதற்கு முன் அந்த ஈட்டுக்கான எட்டுப் பத்து இறாலை மட்டும் அதில் புரட்டி, உதறி, எண்ணெயில் விடுங்கள். மொத்தமாகப் பிசைந்து வைத்தால் இறால் நீர்விட்டு மாவு கூழாகும், உதிர்ந்த மாவும் மிளகாய்த்தூளும் சட்டி அடியில் கருகும். நான்காவது ஈட்டிலேயே எண்ணெய் கறுத்து, எல்லா இறாலும் கசக்கத் தொடங்கும்.

எண்ணெய் காய கால் மணி நேரம்வரை ஆகலாம். உணவு வெப்பமானி ஒன்று வாங்கி வைத்திருப்பது நல்லது. இல்லையென்றால் துளி மாவைக் கரைத்து விட்டுப் பாருங்கள். அடியில் போய்த் தங்கினால் காயவில்லை. விழுந்த உடனே பொங்கி மேலே வந்தால் சரியான பதம். விழுந்ததும் சிவந்து கருகினால் அதிகம்.

அதிகமாகிவிட்டால் என்ன செய்வது? சட்டியைத் தூக்காதீர்கள். கரி அடுப்பில் கொதிக்கும் எண்ணெயை இடம் மாற்றுவதைவிட மோசமான யோசனை கிடையாது. இடுக்கியால் கங்கை அடியிலிருந்து வெளியே இழுங்கள். அதற்காகத்தான் அடுப்பின் ஒரு பக்கம் கைபோக இடம் விட்டு அமைக்கச் சொல்வேன். கூடவே, தனியாக வைத்திருக்கிற எண்ணெயைக் கரண்டியில் எடுத்துச் சட்டியின் ஓரமாக மெதுவாக விடுங்கள். 200 டிகிரியில் இருக்கிற ஒரு லிட்டர் எண்ணெயில், வெளிச்சூட்டில் இருக்கிற 200 மில்லி எண்ணெய் சேர்ந்தால் சுமார் 170 டிகிரிக்கு இறங்கிவிடும். கரண்டியில் ஈரம் இருக்கக் கூடாது.

ஒரு ஈட்டுக்கு எட்டிலிருந்து பத்து இறால், இரண்டு முதல் இரண்டரை நிமிடம். இறால் வளைந்து பாதி வட்டமாக நின்றால் வெந்துவிட்டது, முழு வட்டமாகச் சுருண்டால் ரப்பர். எடுத்த கையோடு அடுத்த ஈடு உள்ளே போக வேண்டும். இரண்டரை கிலோ என்றால் நூறு இறால், பத்துப் பன்னிரண்டு ஈடு, முக்கால் மணி நேரத்துக்குள் வேலை முடியும். ஒரு தடவை மூட்டிய கரி அதற்குச் சரியாக இருக்கும், நடுவில் புதுக் கரி போட வேண்டிய தொல்லை வராது. ஐந்தாம் ஈட்டின்போது யாராவது போட்டோ எடுக்கக் கூப்பிட்டால் போகாதீர்கள், நீங்கள் திரும்பி வருவதற்குள் எண்ணெய் புகையும்.

அதனால் ஆட்களை முதலிலேயே பிரித்துவிடுங்கள். ஒருவர் மாவில் புரட்ட, ஒருவர் பொரிக்க, ஒருவர் தட்டு மாற்ற. பொரிக்கிறவர் வேறு எதையும் தொட வேண்டாம், நைலான் சேலை, தொங்கும் துப்பட்டா இல்லாமல் பருத்தி உடுத்தியிருக்கட்டும். ஜல்லிக் கரண்டியை சட்டிக்கு மேலேயே வடித்து, பக்கத்தில் இருக்கிற கம்பி வலைத் தட்டுக்கு மாற்றுங்கள். செய்தித்தாளில் கொட்டாதீர்கள், மை ஒட்டும், ஆவி அடைபட்டு மொறுமொறுப்பும் போய்விடும்.

சைவம் சாப்பிடுகிற அத்தையோ, இறால் ஒவ்வாமை உள்ள பிள்ளையோ இருந்தால், முதல் ஈடு அவர்களுடையது: வெங்காயம், வாழைக்காய், உருளைக்கிழங்கு பஜ்ஜி. இறாலுக்குப் பிறகு அதே எண்ணெயில் அவர்களுக்குப் பொரிக்கக் கூடாது. ஒவ்வாமை தருகிற புரதம் எண்ணெய்ச் சூட்டில் அழிவதில்லை, ஒரு முறை பொரித்தால் எண்ணெயிலும் கலந்திருக்கும். கறிவேப்பிலையும் கீறிய பச்சை மிளகாயும் கடைசி ஈட்டோடு, எண்ணெய்க்கு எட்டி நின்று.

நெருப்பைப் பற்றிச் சொல்லாமல் விட முடியாது. சட்டியை முழுக்க மூடுகிற உலோக மூடி ஒன்று கையெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும். எண்ணெயில் தீ பிடித்தால் மூடியைப் பக்கவாட்டிலிருந்து தள்ளி மூடுங்கள், கங்கை இழுங்கள், ஆறும்வரை திறக்காதீர்கள். தண்ணீர் ஊற்றவே கூடாது, எரிகிற எண்ணெயை அது நாலாபக்கமும் வாரி இறைத்துவிடும். ஒரு வாளி மணல் வையுங்கள். அது தரையில் விழுகிற கங்குக்கு, எண்ணெய்ச் சட்டிக்கு அல்ல. அடுப்பைச் சுற்றி சாக்பீஸால் ஐந்தடிக்கு ஒரு கோடு போட்டு, சின்னப் பிள்ளைகள் தாண்டக் கூடாது என்று சொல்லி, அதைப் பார்த்துக்கொள்ளவே ஒரு பெரியவரை உட்கார வையுங்கள். கையில் எண்ணெய் பட்டால் குழாய்த் தண்ணீரில் 20 நிமிடம் காட்டுங்கள். பற்பசை, மை, வெண்ணெய் எதுவும் வேண்டாம். பெரிய காயம் என்றால் 108.

மழை தூறும் போலிருந்தால் அன்றைக்குப் பொரியலை மறந்துவிட்டு உள்ளே தோசைக்கல்லில் வறுத்துக்கொள்ளுங்கள். அதற்காகக் கரி அடுப்பை வீட்டுக்குள்ளோ, கண்ணாடி மூடிய பால்கனிக்குள்ளோ கொண்டுவந்துவிட வேண்டாம். கங்கு விடுகிற கார்பன் மோனாக்சைடுக்கு மணமும் இல்லை, நிறமும் இல்லை, மூடிய அறையில் உயிரை எடுத்துவிடும்.

கடைசி ஈடு எடுத்ததும் சட்டி இருந்த இடத்திலேயே இருக்கட்டும். அடியிலிருக்கிற கங்கு முழுவதையும் இழுத்து ஒரு பழைய இரும்புச் சட்டியில் போட்டு, கொஞ்சம் தள்ளி வையுங்கள். தனியாக எடுத்து வைத்த கால் கிலோ இறாலுக்கு இப்போதுதான் வேளை. மசாலா மட்டும், மாவு இல்லாமல், நனைத்த மூங்கில் குச்சியில் கோத்து, அந்தக் கங்கின்மேல் பக்கத்துக்கு ஒன்றரை நிமிடம். கரி மணத்தோடு அதுவும் கிடைத்துவிடும். பிறகு கங்கில் தண்ணீர் ஊற்றி முழுக்க அணையுங்கள். இதையே கடற்கரையில் செய்கிறவர்கள் கங்கை மணலில் புதைத்துவிட்டு வருகிறார்கள், அது மணிக்கணக்கில் உள்ளே கனன்றுகொண்டிருக்கும், வெறுங்காலோடு வருகிற யாரோ ஒரு பிள்ளை மிதிக்கும். தயவுசெய்து அதைச் செய்யாதீர்கள்.

எண்ணெய் ஆற இரவாகிவிடும். காலையில் துணியில் வடிகட்டி ஃபிரிட்ஜில் வைத்து, இரண்டு மூன்று நாளுக்குள் மீன் குழம்புக்கோ இறால் தொக்குக்கோ தாளிக்கப் பயன்படுத்துங்கள். தொக்குக்குச் சாறு வேண்டுமே, அதற்கு அந்தத் தலையையும் ஓட்டையும் வீசாமல் வைத்திருங்கள், இரண்டு தக்காளியோடு அரை மணி நேரம் கொதிக்க வைத்து வடித்தால் போதும். அந்த எண்ணெயை மறுபடி பொரிக்க எடுக்க வேண்டாம். மீதியைப் பாட்டிலில் அடைத்துக் குப்பையோடு கொடுங்கள், கழுவுதொட்டியில் ஊற்றினால் குழாய் அடைத்துக்கொள்ளும்.